வேட்டித் துணியும் பட்டன் டயப்பரும்: பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

துணி டயப்பர் விற்கும் நிறுவனங்கள் தங்கள் சரக்கு எத்தனை மணி நேரம் ஈரம் தாங்கும் என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. துவைத்துப் போட்டால் எத்தனை மணி நேரத்தில் காயும் என்பதை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்த அனுமதி இல்லாத சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில், பால்கனிக் கொடி ஒன்றை மட்டும் நம்பி எங்கள் மகளுக்குத் துணி டயப்பர் கட்டி வளர்த்த பிறகு, வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த இரண்டாவதுதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. பிறந்ததிலிருந்து அவள் நடக்கத் தொடங்கும் வரை நாங்கள் மூன்று வகைகளைப் பயன்படுத்தினோம்: கிழித்த பழைய வேட்டித் துணி, உள்ளே பேட் செருகும் பை வடிவ டயப்பர், எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்ட ஆர்கானிக் பருத்தி டயப்பர். நிறுவனங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரே வகைக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது பெரும்பாலும் மேலே அச்சிட்ட யானையும் வானவில்லும்தான். வகைக்கு வகை உள்ள வேறுபாடுதான் வீட்டு வேலையை மாற்றுகிறது.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வேட்டித் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. நான்கு முழ வேட்டி ஒன்றின் கரையை நீக்கிவிட்டுக் கிழித்தால், கைக்குழந்தைக்குக் கட்டும் அளவில் ஆறு சதுரங்கள் தேறும். பல வருடம் துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் என்பதால் அது தண்ணீரை உடனே இழுக்கும். புதிய பருத்தியில் இருக்கும் இயற்கையான மெழுகும் கஞ்சியும் போக ஆறேழு முறை அலச வேண்டிய வேலை இதில் கிடையாது. குறுக்காக மடித்து முக்கோணமாக்கிக் கட்டும்போது, தொப்புள் கொடி விழும் வரை முன்பக்கத்து மடிப்பைத் தொப்புளுக்குக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்த இடம் காற்றோட்டமாகக் காய்வதற்கு இந்த ஏற்பாடு கடையில் வாங்கும் எந்த டயப்பரையும்விட வசதியானது. மழைக்காலத்தில்கூட மின்விசிறிக்கு அடியில் விரித்துப் போட்டால் சமையல் முடிவதற்குள் காய்ந்துவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கிழித்த ஓரத்திலிருந்து பிரியும் நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டால், கால் உதைக்க உதைக்க இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீரிட்டு அழும். ஆகவே நான்கு ஓரத்தையும் தையல்காரரிடம் கொடுத்து மடித்துத் தைத்து வாங்குவது நல்லது, இருபது ரூபாய் முப்பது ரூபாய்ச் செலவைப் பார்க்க வேண்டாம். மற்றொன்று இன்னும் முக்கியமானது. பீரோவில் அந்துருண்டையோடு வருடக்கணக்கில் கிடந்த வேட்டியையும் புடவையையும் எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடியது. அந்தக் குறை தன் குழந்தைக்கு உண்டா என்று பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது என்பதால், அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தையின் பக்கமே கொண்டுவராமல் இருப்பதுதான் சரி.

வேட்டித் துணி ஒரு முறை சிறுநீருக்கு மட்டுமே தாங்கும் என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் அத்தை அதையே அதன் நன்மையாகக் கருதினார்: "ஈரம் பட்டாத்தானே புள்ள அழும், அழுதாத்தானே நமக்குத் தெரியும்." மருத்துவர்களின் கணக்கும் இதற்கு ஒத்துப் போகிறது. பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று கொள்வது வழக்கம். எதையும் உறிஞ்சிக்கொண்டு மேலே வறண்டு தெரியும் டயப்பரில் இந்தக் கணக்கை வைப்பது கடினம், துணியில் மிக எளிது. ஆனால் இரவில் மணிக்கொரு முறை எழுந்து துணி மாற்றும் தாய்க்கு இந்த நியாயம் எல்லாம் ஆறுதலாக இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பகலில் துணியும், இரவில் வேறொன்றும் என்று வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

நாடா வைத்துத் தைத்து டஜன் கணக்கில் விற்கும் ஆயத்த நாப்கின்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பனியன் துணியில் வருபவை பரவாயில்லை. நடுவில் பஞ்சும் அடியில் பிளாஸ்டிக் தாளும் வைத்துத் தைத்தவை வியர்க்க வைக்கும், சில சலவைகளுக்குள் தாள் நொறுங்கும். தவிர்த்துவிடலாம்.

மூன்று மாதத்துக்கு மேல், குழந்தை குப்புற விழுந்து நகரத் தொடங்கும் பருவத்தில், பை வடிவ டயப்பர்தான் எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது. இதன் அமைப்பு எளியது. வெளிப்புறம் ஈரம் கசியாத பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர் துணி; உட்புறம் குழந்தையின் தோலில் படும் மெல்லிய துணி; இரண்டுக்கும் நடுவே ஒரு பை; அந்தப் பைக்குள் உறிஞ்சும் பேட். இடுப்பில் டிச் பட்டன்கள் இரண்டு வரிசை, முன்பக்கத்தில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று வரிசை. ஐந்து கிலோ முதல் பதினேழு கிலோ வரை ஒரே டயப்பர் போதும் என்று விளம்பரம் செய்வது இந்தப் பட்டன் வரிசையை நம்பித்தான். மேல் எல்லை ஏறக்குறைய உண்மை. கீழ் எல்லையை மறந்துவிட வேண்டாம்: மூன்று கிலோ சுமாரில் பிறக்கும் நம் குழந்தைகளின் மெல்லிய தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி நிற்கும், அதன் வழியே எல்லாம் வெளியே வரும். பிறக்கும் முன்பே ஒரு டஜன் வாங்கி அடுக்கி வைப்பதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

வெளியே கசிகிறது என்று புகார் செய்பவர்களில் பலர் டயப்பரைக் குறை சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் பேட்டிலோ கட்டும் முறையிலோ இருக்கிறது. மலிவான டயப்பர்களோடு மைக்ரோஃபைபர் (மிக மெல்லிய செயற்கை இழை) பேட் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அது வேகமாக உறிஞ்சும், வேகமாகக் காயவும் செய்யும், ஆனால் அழுத்தினால் உறிஞ்சியதைத் திரும்பக் கக்கிவிடும். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பேருந்தில் போகும்போது தாயின் சேலை நனைவது இதனால்தான். தவிர, மைக்ரோஃபைபர் நேரடியாகத் தோலில் பட்டால் தோலின் ஈரத்தையும் இழுத்துப் புண்ணாக்கும் என்பதால் அதைப் பைக்குள் மட்டுமே வைக்க வேண்டும். பருத்திப் பேட் மெதுவாக உறிஞ்சினாலும் அழுத்தத்துக்கு எளிதில் விடாது. மைக்ரோஃபைபரைக் கொடுத்தது கொடுத்தபடி ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாக மடிக்கும் நீளமான பருத்தித் துணிகளைத் தனியே வாங்கிப் பைக்குள் செருகியதும் எங்கள் கசிவுப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கால் எலாஸ்டிக் தொடையின் நடுவில் நிற்காமல், ஜட்டி நிற்பதுபோல் கவட்டின் மடிப்பில் உட்கார வேண்டும், உள்துணியின் ஓரம் ஒரு நூலிழைகூட வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, அந்த ஓரம் வழியாகவே ஈரம் மேல்சட்டைக்கு ஏறும்.

இந்த மடிப்புத் துணிகளின் இன்னொரு நன்மை கொடியில் தெரியும். விரித்துப் போட்டால் அவை ஒற்றை அடுக்குத் துண்டுதான்; நல்ல வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குள் காய்கின்றன, ஐப்பசி மழையில்கூட மறுநாள் காலைக்குள் கைக்கு வருகின்றன. ஆறேழு அடுக்காகச் சேர்த்துத் தைத்த பேட் அப்படியில்லை. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுத் தையலை இரண்டு விரலால் அழுத்தினால் சில்லென்று ஈரம் தெரியும்; அதை எடுத்து மடித்து வைத்தால் இரண்டே நாளில் பாசி வாடை வரும்.

மூன்றாவது வகையான, எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்ட ஆர்கானிக் பருத்தி டயப்பர் இந்த இடத்தில்தான் தோற்கிறது. பார்ப்பதற்கும் தொடுவதற்கும் மிக அழகான பொருள். பை இல்லை, செருகும் வேலை இல்லை, தாத்தா பாட்டியும் தயங்காமல் கட்டிவிடலாம். மூன்று வகைகளில் விலையும் இதற்கே அதிகம். உறிஞ்சும் திறனில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை நாட்களில் எங்கள் பால்கனியில் இரண்டு நாள் தொங்கியும் காயாமல், கடைசியில் இஸ்திரிப் பெட்டியை எடுக்க வைத்தது. சூடு பட்டால் வெளிப் படலம் பிரியும் என்பதால் அதையும் பயந்து பயந்தே செய்ய வேண்டியிருந்தது. மதுரையிலோ திருச்சியிலோ மொட்டை மாடியும் கத்திரி வெயிலும் இருக்கிறவர்களுக்கு இது நல்ல டயப்பராகவே இருக்கக்கூடும். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயற்கை என்று முத்திரை குத்திய பொருட்களை வாங்குமுன் சீட்டைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஆர்கானிக் பருத்தி என்பதற்குச் சான்று கேட்டால் ஜிஓடிஎஸ் (உலகளாவிய ஆர்கானிக் துணித் தரம்) முத்திரையைக் காட்டுவார்கள்; திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்கு நன்கு பழக்கமான முத்திரை அது. அந்தத் தரச் சான்றில் 'ஆர்கானிக்' என்று அச்சிட நூலில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும்; 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் இழை சேர்த்துச் செய்தது' என்று மட்டுமே போடலாம். ஓகோ-டெக்ஸ் 100 என்பது வேறு: அது துணியில் தீங்கான இரசாயனம் எஞ்சியிருக்கிறதா என்ற சோதனை, விளைவித்த முறையைப் பற்றி அது எதுவும் பேசாது, அதில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான முதல் வகுப்புச் சான்றா என்று பாருங்கள். மூங்கில் துணி விஷயத்தில்தான் வியாபாரம் எல்லை மீறுகிறது. மென்மையான மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது, மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ். இதை மூங்கில் என்றே விளம்பரப்படுத்தியதற்காக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2022இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் மீது 55 லட்சம் டாலர் அபராதத்துக்கு வழக்குத் தொடுத்தது. விஸ்கோஸ் நன்றாக உறிஞ்சும் துணிதான், குழந்தைக்குப் பயன்படுத்தலாம். மூங்கில் என்பதற்காகவும் தானாகவே கிருமியைக் கொல்லும் என்பதற்காகவும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல், மேலே பாலியூரித்தேன் படலம் போட்ட எந்த டயப்பரும் முழுக்க இயற்கையானது ஆகாது. முழுக்க இயற்கையானது வேண்டுமென்றால் வேட்டித் துணிதான்.

துவைப்பது எல்லோரும் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை அல்ல, ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. மலம் பட்டதைக் கழிப்பறையின் ஹெல்த் ஃபாசெட்டால் அப்போதே அடித்துக் கழுவிவிட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் எளிதில் கரையும், கூழும் இட்லியும் ஆரம்பித்த பிறகு அது கெட்டியாகிக் கழிப்பறைக்குள் தானே விழும். சிறுநீர் பட்டதை ஒரு முறை அலசிப் பிழிந்து, மூடியில்லாத கூடையில் போட்டு வைத்தால் போதும். வாளித் தண்ணீரில் நாள் முழுக்க ஊறப் போடுவது நாற்றத்தைக் கூட்டும், எலாஸ்டிக்கைத் தளர்த்தும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி ஆபத்தும்கூட. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சலவை சோப்புக் கட்டியைத் தவிருங்கள். அந்தத் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து உண்டாகும் வெள்ளைப் படிவு நூலிழைகளை அடைத்துவிடும். சில மாதத்தில் துணி விறைத்து, தண்ணீரை உறிஞ்சாமல் மேலேயே வழிய விடும். சாதாரண சலவைத் தூளே போதும். வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் திரவங்களும் இதே போல் இழையின் மீது படலம் போடும் என்பதால் அவற்றை அறவே விட்டுவிட வேண்டும்.

பூந்திக்கொட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், நாங்களும் பயன்படுத்தினோம். ஊறவைத்துக் கசக்கிய நீரில் நுரை வருகிறது, கைக்கு இதமாக இருக்கிறது, மேல்சட்டைகளுக்கும் தூளித் துணிக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. சிறுநீர் ஊறிய தடித்த பேட்டுகளின் நாற்றத்தை அதனால் முழுதாக எடுக்க முடியவில்லை என்பதுதான் என் கணிப்பு. மஞ்சள் கறைக்கு வெளுப்பானும் வேண்டாம். ஈரத்தோடு நேர்வெயிலில் விரித்துப் போட்டால் தாய்ப்பால் மலக் கறை பெரும்பாலும் தானே வெளுத்துவிடும். பேட்டுகளுக்கு வெயில், படலம் உள்ள வெளி உறைகளுக்கு நிழல் என்று பிரித்துப் போடுவது உறையின் ஆயுளை நீட்டிக்கும்.

அரிப்பும் சிவப்பும் துணிக்கு மாறினாலே போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். ஈரத்தில் நீண்ட நேரம் கிடந்தால் துணியிலும் தோல் சிவக்கும். மூன்று மணி நேரத்துக்குள் மாற்றுவதுதான் எந்த டயப்பருக்கும் பொருந்தும் மருந்து. தொடை மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாகப் பரவி, ஓரங்களில் சிறு புள்ளிகளோடு தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். துத்தநாகக் களிம்பு பூச நேர்ந்தால் மேலே ஒரு வேட்டித் துண்டை வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் களிம்பு டயப்பரின் உள்துணியில் ஒட்டி உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். வாசனை போட்ட ஈரத் துடைப்பான்களுக்குப் பதில் மீந்த வேட்டித் துண்டுகளும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பவுடர் தேவையே இல்லை. தூவும் தூசியைக் குழந்தை சுவாசிக்கும்.

சுற்றுச்சூழல் நன்மை தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தையின் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர்களால் சுமார் 550 கிலோவும், அங்குள்ள சராசரி வீட்டில் துவைக்கும் துணி டயப்பர்களால் சுமார் 570 கிலோவும் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு உண்டாவதாகக் கணக்கிட்டது. இயந்திரம் நிறையத் துணி போட்டு, கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அவற்றையே பயன்படுத்தினால் துணியின் கணக்கு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்றும், மின் உலர்த்தியை எப்போதும் பயன்படுத்தினால் நிலைமை தலைகீழாகும் என்றும் அதே ஆய்வு காட்டியது. பச்சைத் தண்ணீரில் துவைத்துக் கொடியில் போடுவது நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம் என்பதால் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவே விழும். தண்ணீர்தான் நம்முடைய சிக்கல். 2019 கோடையைப் போல ஏரிகள் வற்றிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் நிலை வந்தால், சில வாரங்களுக்குத் துணியை நிறுத்தி வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் என்னை மாற்றியது கரியமில வாயுக் கணக்கு அல்ல. ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் என்பது பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், மரக்கூழ், ஈரத்தை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகள் ஆகியவற்றின் சேர்க்கை. அதை மக்கவும் வைக்க முடியாது, மறுசுழற்சிக்கும் பிரிக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் அதற்கான உறையை உற்பத்தியாளரே தர வேண்டும் என்றும் கூறின. நடைமுறையில், மலத்தோடு சுருட்டி காய்கறிக் கழிவுக்குள் திணித்த டயப்பரைக் கையால் பிரித்தெடுப்பவர் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர். அவரைத் தினமும் காலையில் நேருக்கு நேர் பார்க்கிற வீட்டில் இது பெரிய விஷயம்.

செலவுக் கணக்கு எளிது. ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்ற மலிவான விலையில், நாளுக்கு ஆறு என்று வைத்தால், வருடத்துக்கு 21,900 ரூபாய். பேட்டோடு சேர்த்து ஒன்று 400 ரூபாய் வீதம் பதினைந்து பை வடிவ டயப்பர்கள் வாங்கினால் 6,000 ரூபாய். சலவைத் தூளும் மின்சாரமும் சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே கணிசமான மிச்சம் உண்டு. முதலில் இரண்டு மட்டும் வாங்கி உங்கள் வீட்டுக் கொடியில் காயவைத்துப் பாருங்கள், பிறகு மீதியை வாங்குங்கள். உறை பத்தும் மடிப்புத் துணி இருபத்தைந்தும் என்று வாங்குவது, உறையும் பேட்டும் சம எண்ணிக்கையில் வாங்குவதைவிடச் சிக்கனம்.

துவைக்கும் வேலை வீட்டில் ஒருவர் தலையிலேயே விழும் என்றால் இந்த ஏற்பாட்டில் இறங்க வேண்டாம். பிரசவம் முடிந்து உடம்பு தேறாத தாயிடம் இரவில் குழந்தையையும் காலையில் சலவையையும் கொடுத்துவிட்டு இயற்கை வளர்ப்பு என்று பெருமைப்படும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அலசுவதும் உலர்த்துவதும் கணவரின் பொறுப்பாக இருந்ததால்தான் இது நீடித்தது. வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள், குழந்தைக் காப்பகத்தில் சேர்க்குமுன் துணி டயப்பரை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு காப்பகம் நேரடியாக மறுத்தது. இன்னொன்று, பேட்டை முன்பே செருகித் தயாராக அனுப்பினால் ஒருமுறை பயன்படுத்தும் டயப்பரைப் போலவே கழற்றி மாட்டுவதாகவும், நனைந்ததை ஜிப் வைத்த பையில் போட்டு மாலையில் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டது.